அரை மா பன்னிரண்டு மா ஆன அறுவடை வரிசை

மேடைக்கு நடுவே, பூமாலைக்குப் பின்னே, மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிய வீற்றிருக்கும் எங்கள் உழவர் சங்கத் தலைவர் பிரகதாம்பாள் அம்மா அவர்களே; மைக்கைக் கண்டதும் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் பொருளாளர் பஞ்சநதம் ஐயா அவர்களே; முன்வரிசையில் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் பெரியவர்களே; அடுப்பில் உலை வைத்துவிட்டு, அது பொங்குமோ வழியுமோ என்ற பதைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே; பேச்சுக்கு வராமல், பேச்சு முடிந்ததும் தரப்போகும் சுண்டலுக்கு வந்திருக்கும் அருமைச் சகோதரர்களே; களத்தின் ஓரத்தில் நின்று நம் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் கதிர் அறுக்கும் மிஷினே, உன்னையும் விடவில்லை; அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் அம்சவல்லி. ஐந்தாம் வகுப்பு படித்தவள். ஆறாம் வகுப்புக்கு ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் அந்த வருஷம் தண்ணீர் அதிகம். என் படிப்பு இக்கரையிலேயே நின்றுவிட்டது. அப்படிப்பட்டவளின் பெயருக்குக் கீழே நோட்டீசில் என்ன தலைப்புப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? "இணையப் பக்கத்தில் வந்து விழும் நம்பத்தகாத தகவலைப் பத்திரமாகவும் விரைவாகவும் பிரித்தறிவது எப்படி." என் தம்பி பரிதி வைத்த தலைப்பு. இதை ஒரே மூச்சில் வாசித்ததற்கே எனக்கு நீங்கள் கைதட்டலாம்.

தட்டிவிட்டீர்கள். நன்றி. இனி மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிறேன்.

உங்களில் சிலருக்கு ஒரு நினைப்பு ஓடும். புருஷன் போய் நாலு மாதம்கூட நிறையவில்லை, இவள் மேடையேறி வேடிக்கை பேசுகிறாளே என்று. ஓடட்டும். அழுவதற்கு எனக்கு வீட்டில் இடம் இருக்கிறது. சிரிப்பதற்குத்தான் அங்கே இடம் குறைந்துவிட்டது. அதனால் இங்கே வந்தேன்.

என் வீட்டுக்காரர் தங்கையனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இதோ இந்தக் களத்துக் கிடங்கின் வாசலில் நின்று, வருகிற நெல் மூட்டையைச் சோதித்து உள்ளே விட்டவர். புரட்டாசியில் எங்கள் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வயலில் சம்பா நட்டு முடித்தார். ஐப்பசியில் ஒரு காலை மடை திறக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் நட்ட பயிர் எழுந்து நின்றது. தையில் முற்றித் தலை சாய்த்தது. அவர் கை வைத்த கடைசி விளைச்சல் அது. அது மழையில் படுத்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இனி நான் சொல்லப்போகிற கூத்து அத்தனைக்கும் அடியில் என் நெஞ்சில் கிடந்தது அந்த மூன்று மா மட்டும்தான்.

பொங்கல் முடிந்தது. ஐந்தே நாளில் மழை என்று அறிவிப்பு வந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மிஷின் வந்து நின்றன. அறுக்க வேண்டியவர்கள் நாற்பத்தொரு பேர். மற்ற வருஷங்களில் வரிசை எப்படிப் போடுவோம்? இந்தக் களத்தில் கூடிக் கத்துவோம். யார் தொண்டை பெரிதோ அவர் வயலுக்கு மிஷின் முதலில் போகும். இந்த வருஷம் நாகரிகமாகச் செய்வோம் என்று தலைவர் அம்மா சொன்னார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட என் தம்பி பரிதி, போனிலேயே பதியும்படி ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தான். நாலே பெட்டி. பெயர், தெரு, பரப்பு, குறிப்பு. நாலு பெட்டியில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

தம்பி, நீ இந்த ஊரில் பிறந்தவன்தானே? எப்படி அப்படி நினைத்தாய்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை பத்து மணிக்குள் வரிசை கைக்கு வராவிட்டால் வேதாரண்யம் பக்கம் கிளம்பிவிடுவோம், அங்கே கூப்பிடுகிறார்கள் என்று மிஷின்காரர் சொல்லிவிட்டார். பரிதி பட்டியலை எடுக்கப் போகிறான், பக்கம் படுத்துக்கொண்டது. ஏன்? நாம் எதை எழுதினாலும் எப்படித் தொடங்குவோம்? பிள்ளையார் சுழி போட்டு. மளிகைச் சீட்டுக்குச் சுழி, கடுதாசிக்குச் சுழி, காது குத்தலுக்கு ஆள் அழைக்கும் பட்டியலுக்குச் சுழி. போன் என்றால் மட்டும் பிள்ளையாரை விட்டுவிடுவோமா? பெயர்ப் பெட்டியில் ஒரு 'உ'. தெருப் பெட்டியில் ஒரு 'உ'. எண் மட்டும் வர வேண்டிய பரப்புப் பெட்டியிலும் முன்னால் ஓர் 'உ', அதற்குப் பின்னால் நிலம். எண்ணைத் தேடி வந்த புரோகிராம் பிள்ளையாரைப் பார்த்தது. கும்பிடத் தெரியாமல் அங்கேயே விழுந்தது.

பரிதி என்ன செய்தான்? பரப்புப் பெட்டியில் எண்ணைத் தவிர மற்ற எது வந்தாலும் தூக்கி எறி என்று ஒரு வரி எழுதினான். எழுதிவிட்டு என்னிடம் டீ கேட்டான், வெற்றி பெற்றவனைப் போல.

டீ ஆறுவதற்குள் தௌபீக் பாய் வந்துவிட்டார். நமக்குச் சுழி போல அவர் வழக்கப்படி முதலில் 786 போட்டு, இடம் விட்டு, தன் நாலு மாவைப் போட்டிருக்கிறார். புரோகிராம் நடுவில் இருந்த இடத்தை எறிந்துவிட்டு இரண்டையும் ஒட்டிவிட்டது. ஏழாயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு மா. இந்த ஊர், பக்கத்து ஊர், அதற்கும் அடுத்த ஊர் எல்லாம் பாய்க்கு. அவர் சிரிக்காமல் கேட்டார்: "தங்கச்சி, பத்திரம் பதிய நான் எப்ப வரணும்?"

நம் நாகரத்தினம் அண்ணன் கதை இன்னும் மோசம். அவருக்கு இருப்பது அரை மா. ஒழுங்காக ஒன்று, ஒரு சாய்ந்த கோடு, இரண்டு என்று போட்டார். கோடு எண் இல்லையே, எறிந்தாயிற்று. ஒன்றும் இரண்டும் சேர்ந்தன. பன்னிரண்டு மா. காலையில் கோவணத் துண்டு நிலத்தோடு எழுந்த மனிதர், மத்தியானம் மிராசுதார் ஆகிவிட்டார். அந்தச் செய்தி அவர் வீட்டுக்கும் போயிற்று. அண்ணி தட்டை வைத்துவிட்டுச் சோற்றை வைக்கவில்லை. "மிச்சம் பதினொன்றரை மா யாரு பேருல இருக்குன்னு சொல்லிட்டுச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அண்ணி, கையைத் தூக்குங்கள், எல்லோரும் பார்க்கட்டும். இப்போது சமாதானம்தானே? இன்னும் பாதிதானாம். சரி.

சிரித்துவிட்டீர்கள். இதில் உள்ள ஆபத்தைப் பாருங்கள். சுழி விழுந்தபோது பக்கம் நின்றது. நின்றது நமக்குத் தெரிந்தது. கோட்டை எறிந்தபோது பக்கம் நிற்கவில்லை. பொய்யை மெய்யென்று வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஓடியது. நின்றுபோகும் தப்பு நல்ல தப்பு. நிற்காமல் ஓடும் தப்புதான் நம்மைக் கவிழ்க்கும்.

அடுத்தது பூ. ஒரு பெரிய மனிதர், பெயரைச் சொல்ல மாட்டேன், மேடையில்தான் இருக்கிறார், இப்போது தண்ணீர் குடிக்கிறார், தினமும் காலையில் நமக்கெல்லாம் போனில் ரோஜாப்பூ வாழ்த்து அனுப்புவாரே, அவர். பெயர்ப் பெட்டியில் தன் பெயரை ஒட்டுவதற்குப் பதிலாக அந்த வாழ்த்தை ஒட்டிவிட்டார். நாலாயிரம் பூ, இருநூறு விளக்கு, நடுவில் ஒரு கிளி. புரோகிராம் ஒவ்வொரு பூவாக மோந்து பார்த்து, கடைசிப் பூவரை போய், அதன் பிறகு இது பெயரில்லை என்று கண்டுபிடிக்கிறது. அதுவரை பின்னால் நிற்கிற நாற்பது பேரும் நிற்க வேண்டியதுதான்.

தெருப் பெட்டியில் நடந்தது தனி. ஒரு விலாசம்: "வடக்குத் தெரு மேற்குக் கடைசி தெற்குப் பார்த்த வீடு பழைய வடக்குத் தெரு." இதில் தெரு எது, வீடு எது என்று பரிதியின் புரோகிராம் தேடிய அழகைக் கேளுங்கள். ஒரு விதமாகப் பிரிக்கும். சரிவராது. மறுபடி முதல் எழுத்துக்குத் திரும்பும். வேறு விதமாகப் பிரிக்கும். சரிவராது. மறுபடி முதல் எழுத்து. ஊருக்குப் புதிதாக வந்த ஆள் ஒவ்வொரு வீடும் தப்பு என்று தெரியும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி நடந்து வந்தால் எப்படி இருக்கும்? விலாசத்தில் ஒரு சொல் கூடினால் நடை இரண்டு மடங்கு கூடும். கால் தேயும். பொழுது சாயும்.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல வந்தார், மன்னார்குடியில் பிளக்ஸ் போர்டு அடிக்கும் நம் மாரியப்பன். குறிப்புப் பெட்டியில் "அவசரம்" என்று எழுதினால் போதாதா? கம்ப்யூட்டர் பாஷையில் இருபக்கமும் அம்புக்குறி போட்டு, பெரிய எழுத்து, சிவப்பு நிறம், நடுவில் வை என்று ஆணை எழுதி அனுப்பினார். பக்கம் அதை ஒரு செய்தி என்று எண்ணவில்லை. எஜமான் உத்தரவு என்று எண்ணிக்கொண்டது. அவர் பெயருக்குக் கீழே இருந்த அத்தனை பெயரும் சிவந்தன, பருத்தன, நடுவில் வந்து நின்றன. பட்டியலைத் திறந்தால் கட்சி மாநாட்டுக்கு வந்தது போல் இருந்தது.

நம் வாசலில் நின்று ஒருவர் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். அவர் சுவரை இடி என்றால் கடப்பாரையை எடுக்கலாமா? பெட்டிக்குள் வருவது சொல். அது சொல்லாகவே இருக்க வேண்டும், கட்டளையாகக் கூடாது.

என்ன, பின்னால்? மாரியப்பன் தம்பி, நீங்கள் அழகுக்காகச் செய்தீர்கள். தெரியும். கெட்ட எண்ணத்தோடு ஒருவன் செய்திருந்தால் பட்டியலையே அழித்திருப்பான். அழகுக்காகச் செய்த உங்களுக்கு நன்றி.

சாயங்காலம் ஆயிற்று. பரிதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வானத்தைப் பார்க்கிறேன், தெற்கே மங்கல். வயல் பக்கம் பார்க்கிறேன், கதிர் கனத்து வளைந்து நிற்கிறது. ஒரு நல்ல தூறல் போதும், படுத்துவிடும். நான் தம்பியிடம் கேட்டேன், மூட்டையை ஏன் உள்ளே தூக்கிவந்த பிறகு பிரித்துப் பார்க்கிறாய், வாசலிலேயே பார்க்கக் கூடாதா என்று.

"அக்கா, இது நெல்லு இல்ல. டேட்டா."

"ஊர்க்காரங்க குடுக்குறதுதானே தம்பி? அப்ப நெல்லுதான்."

அவன் சிரிக்கவில்லை. சொல்லு என்றான். நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று செய்ததை நான் இருபது வருஷம் பார்த்தவள். சோறு கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்தவள். மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டை அவர் நம்பவே மாட்டார். முதலில் அளவைப் பார்ப்பார். அளவுக்கு மீறிய மூட்டையா, அவிழ்க்கவே வேண்டாம், வாசலோடு நிறுத்து. அளவு சரியா, இரும்புக் குழாயை உள்ளே குத்தி ஒரு பிடி இழுத்துப் பார்ப்பார். பதரா, கல்லா, ஈரமா? நெல்லாக இருந்தால் உள்ளே. இல்லாவிட்டால் கொண்டுவந்தவர் கையில் திருப்பிக் கொடுத்து, ஏன் என்று சொல்லி அனுப்புவார். தானாகவே பதரைத் தூற்றிச் சரிசெய்து உள்ளே போடமாட்டார். இது உங்கள் நெல், நீங்கள்தான் சரி செய்ய வேண்டும் என்பார். ஒரு மூட்டையை இரண்டாம் தரம் தோளில் ஏற்றவும் மாட்டார்.

ஒரு தரம் அவர் ஒரு மூட்டையைக் குத்தப்போனார். மூட்டை கொக்கரித்தது. ஆமாம், நிஜமாகத்தான். வாயைத் தைத்த மூட்டைக்குள் ஒரு பெட்டைக் கோழி. நெல்லைக் கொத்த உள்ளே இறங்கியிருக்கிறது, பார்க்காமல் தைத்துவிட்டார்கள். மேலே சீட்டில் "முதல் தரம்" என்று எழுதியிருந்தது. இவர் பிரித்துப் பார்த்துவிட்டு, கோழியைக் கையில் எடுத்து, மூட்டைக்காரரிடம் நீட்டி, "முதல் தரந்தான், ஆனா நெல்லு இல்ல" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே ஒரு முட்டையும் இருந்ததாம். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கேட்டேன், முட்டையையாவது வைத்துக்கொண்டிருக்கலாமே என்று. மூன்று நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

இப்படியே செய்தான் பரிதி. பெயரென்றால் நாற்பது எழுத்து. நாற்பத்தோராவது வந்த உடனே நிறுத்து, மிச்சத்தை மோந்து பார்க்காதே. பரப்பென்றால் மாவுக்கு ஒரு பெட்டி, மாவில் நூறில் ஒரு பங்கான குழிக்கு ஒரு பெட்டி, அரைக்கும் காலுக்கும் தொட்டால் போதும் என்று தனிப் பொத்தான். தெருவை எழுத வேண்டாம். இருப்பதே ஏழு தெரு, தொட்டுக் காட்டு. எதையும் இடமிருந்து வலமாக ஒரே தரம் படி, திரும்பாதே. குறிப்பில் வரும் அம்புக்குறியை அம்புக்குறி என்றே காட்டு, அதற்குக் கீழ்ப்படியாதே.

சுழிக்கு என்ன செய்வது? அதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? பக்கத்தின் தலையில் ஓர் இடம் விட்டோம். சுழி போடுபவர் சுழி போடலாம், 786 போடுபவர் போடலாம், சிலுவை போடுபவர் போடலாம். அந்த இடத்தை மிஷின் படிக்காது. சாமி மட்டும் படிக்கும்.

நான் ஒரு விதியைப் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னேன். நம்மூர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறதே. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். தன் பெயரில் ஒரு முறை, செத்துப்போன தாத்தா பெயரில் ஒரு முறை என்று வரிசையில் இரண்டு இடம் பிடிப்பார்கள். தாத்தாவுக்கு எதற்கு மிஷின்? சங்கப் பதிவேட்டில் இன்றைக்கு உயிரோடு இருக்கும் உறுப்பினர் பெயர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றேன். பரிதி சேர்த்துவிட்டான்.

திருப்பி அனுப்பும்போது "தவறான உள்ளீடு" என்று பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் அதைத் தங்களைத் திட்டியதாக எடுத்துக்கொண்டார்கள். அதையும் மாற்றச் சொன்னேன். "ஐயா, இந்தப் பெட்டியில் எண் மட்டும் வேண்டும், சிரமம் பார்க்காமல் ஒரு தரம் பாருங்கள்" என்று வைத்தோம். சந்தேகம் சரக்கின் மேல்தான். சரக்கைக் கொண்டுவந்தவரின் மேல் சந்தேகம் எதற்கு? மூட்டையைக் குத்திப் பார். மூட்டைக்காரரின் மனதைக் குத்தாதே. இந்த ஒன்றைப் படித்த பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. ஒவ்வொருவராக மறுபடி பார்த்துச் சரிசெய்துவிட்டார்கள். நாகரத்தினம் அண்ணன் அரை மாவுக்கு இறங்கி வந்தார். பாய் மூன்று ஊரையும் திருப்பிக் கொடுத்தார். பரிதி பொத்தானை அழுத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் வரிசை வந்துவிட்டது. நாற்பது பேர் உள்ளே. ஒருவர் வெளியே.

பெயர், தங்கையன். காரணம், உறுப்பினர் உயிருடன் இல்லை.

பக்கம் திறந்த அன்றைக்கே நான் பதிந்தது. வழக்கம் போல அவர் பெயரைத்தான் போட்டேன். வேறு பெயர் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினாலாவது இடம் கிடைத்திருந்தது. இரண்டாம் நாளே அறுத்துவிடலாம் என்று இருந்தேன்.

பரிதி திரையைக் கையால் மறைத்தான். நான் பார்த்துவிட்டேன்.

"அக்கா, அத்தான் பேருக்கு மட்டும் ஒரு வரி சேத்துடுறேன். பதினாலுலயே இருக்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். ஒரு வரிதான். அவர் நட்ட பயிர்தான். அந்த ஒரு வரியை எழுதாதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொன்னேன்.

"வேண்டாம் தம்பி. ஒரு மூட்டைய குத்தாம உள்ள விட்டா, நாளைக்கு வர்ற மூட்டை எல்லாம் சொந்தக்காரங்க மூட்டைதான்."

மார்கழிக் கூட்டத்தில் தலைவர் அம்மா என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அன்றைக்கு எதில் போட்டேன் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் இடத்தில் என்னை உறுப்பினராகச் சேர்த்த தாள் அது. ஆகவே என் பெயர் பதிவேட்டில் இருந்தது. பரிதி காட்டிய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. போனை வாங்கி, அவர் பெயர் இருந்த பெட்டியில், ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். ஐந்து எழுத்துதான். அதற்கு ஆன நேரத்தில் நாற்றுப் பறித்து நட்டு முடித்திருக்கலாம். பிறகு அம்சவல்லி என்று எழுதினேன். பக்கம் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. புதிதாக வந்தவள் என்பதால் இடம் நாற்பத்தொன்று. கடைசி.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரிசை மிஷின்காரர் கைக்குப் போயிற்று. வேதாரண்யம் காத்திருந்தது. நம் ஊர் அறுத்தது. கத்தல் இல்லை, கைகலப்பு இல்லை, தொண்டை கட்டிய ஒருவரும் இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நான் வரப்பில் உட்கார்ந்து மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பிற்பகல், வானம் கறுத்து இறங்கி நிற்கிறது, காற்றில் ஈர வாடை, மிஷின் எங்கள் மூன்று மாவுக்கு எதிரில் வந்து நின்றது. மிஷின்காரர் வரப்பில் ஏறிப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அம்சவல்லி யாருங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன், யாரைக் கூப்பிடுகிறார் என்று. முப்பது வருஷமாக அந்த வயல் ஓரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் இரண்டாம் தரம் கூப்பிட்டார். ஆள் இல்லையா, வண்டியைத் திருப்பட்டுமா என்றார். நாகரத்தினம் அண்ணி பின்னாலிருந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"நான்தாங்க," என்றேன்.

கதிர் சாயும் சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது. கடைசி வரி அறுபடும்போது முதல் துளி விழுந்தது. நாற்பது வீட்டுத் தார்ப்பாயும் களத்துக்கு வந்துவிட்டன. வைக்கோல் நனைந்தது. நெல் நனையவில்லை. அவர் நட்டது, நான் அறுத்தேன்.

இவ்வளவு நேரம் என்னைச் சோதிக்காமல் உள்ளே விட்ட தலைவர் அம்மாவுக்கும், தண்ணீர் குடித்துத் தீர்த்த பொருளாளர் ஐயாவுக்கும், அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்ட பரிதிக்கும், எதிரில் அமர்ந்து சிரித்துக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. சுண்டல் தயார் என்று கை காட்டுகிறார்கள். தாய்மார்கள் முதலில் போகட்டும், அடுப்பில் உலை இருக்கிறது. வணக்கம்.